றோல்ஸின் மூக்கு

மூன்று மணிக்கு முழங்கையை நக்கும்.
எழும்பாவிட்டால் தலையணையை இழுக்கும்.
கடைசி ரயில் போய்
முதல் ரயில் வராத நேரம்;
வெள்ளவத்தையில் கடல் மட்டும் விழித்திருக்கும்.

விரலைக் குத்தினால் ஐம்பத்தெட்டு.
மெஷினுக்குப் பத்து நிமிஷம் முந்தியே
றோல்ஸுக்குத் தெரியும்.

யாரும் பழக்கவில்லை.
தெஹிவளைப் பாலத்தடியில்
மீன் றோல்ஸ் சுற்றிய கடதாசியை
நக்கிக்கொண்டு கிடந்த குட்டி.
என் வியர்வையில் எதை வாசிக்கிறதோ,
கிளினிக் டொக்டருக்கும் விளங்கவில்லை.
"ஸ்ட்ரிப் வாங்கிறதை நிப்பாட்டாதேங்கோ" என்றார்.
நான் நிப்பாட்டவில்லை.
அதன் விலையைத்தான் ஆராவது நிப்பாட்ட வேணும்.

போன செவ்வாய்
கமிட்டி வீரக்கோன் வந்தார்,
இரண்டு மொழியிலும் அடித்த கடிதத்தோடு:
மாடிகளில் நாய் வளர்க்கத் தடை.
லிஃப்ட் பழுது. ஐந்து மாடியும் ஏறி வந்திருக்கிறார்.
றோல்ஸ் பாய்ந்து காற்சட்டையைப் பிடித்தது.
"பாருங்க, இதுக்குத்தான்..." என்றவர்
முடிக்கவில்லை.
கடிதம் அவர் கையில் படபடத்தது,
காற்றே இல்லாத நடையில்.

அந்த நடுக்கத்தை எனக்குத் தெரியும்.
கதிரையில் இருத்தி
ஒரேஞ் பார்லியை வாயில் வைத்தேன்.
தமிழில் அதட்டினேனா சிங்களத்திலா, ஞாபகமில்லை.

முகத்தில் நிறம் திரும்பக் கால் மணித்தியாலம்.
"ஊசி போட்டேன், சாப்பிடல்ல.
வீட்டில சொல்ல வேணாம்."
சப்பாத்தின் மேல் தாடையை வைத்து
றோல்ஸ் நித்திரை.

கடிதம் இன்னும் மேசையில்தான்.
'நாய்' என்ற இடத்தில்
கிளாஸின் ஈர வட்டம் காய்ந்து
கொஞ்சம் பிசுபிசுக்கிறது;
எறும்பு வந்திருக்கிறது.