கேள்விகள் இல்லை

அலுவலகத்தில் தமிழ் வாசிப்பவள் நான் ஒருத்தி என்பதால்
அறிவிப்பை மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.
லோயாங் சலவை ஆலை, ஜூன் முதல் புது இயந்திரங்கள்.
ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் நின்றவர்களை
அகராதி 'பங்குதாரர்கள்' என்றது.
அப்படியே எழுதினேன்.
மதியச் சாப்பாட்டுக்குள் முடித்தாக வேண்டும்.

கேன்டீன் சுவரில் நான்கு மொழிகளிலும் ஒட்டினார்கள்.
வேம்பையன் வாசித்துவிட்டு வந்து நின்றான்,
கையுறையில் நீர் சொட்டச் சொட்ட.
"அக்கா, பங்குதாரர்னு போட்டிருக்கே,
அப்ப லாபத்துல எங்களுக்குப் பங்கு வருமா?"
சிரித்தேன்.
அவன் சிரித்தானா தெரியாது, முகக்கவசம்.

என்னிடம் ஒரு படம் இருந்தது. நான்கு கட்டங்கள்.
செல்வாக்கு மேல்நோக்கி, ஆர்வம் வலப்பக்கமாக.
உச்சி மூலையில் டெரிக் ஃபூ, மூன்று மருத்துவமனைகள், வங்கி.
கீழே இடது மூலையில்
'இரவுப் பணி, 31 பேர். தகவல் தந்தால் போதும்.'
அந்தக் கட்டத்துக்கு வெளிர்நீலம் தீட்டியது நான்தான்.
பார்க்க அழகாக இருந்தது.

கூட்டம் நடந்தது. கறிபஃப் கொடுத்தோம்.
டெரிக் பதினெட்டுப் படங்கள் காட்டினார்.
கேள்வி உண்டா என்றார். ஏசி மட்டும் பேசியது.
ஒருவர் கறிபஃப்பை டிஷ்யூவில் மடித்துப் பைக்குள் வைத்தார்.
குறிப்பேட்டில் எழுதினேன்: கேள்விகள் இல்லை.
மௌனம் சம்மதம் என்று
நம்மவர்கள் சொல்வது கல்யாணத்துக்கு.
அதுவும் பெண்ணைக் கேட்டால் வேறு சொல்வாள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய்.
நன்றாகத்தான் தூங்கினேன்.
மூன்றாம் நாள், மடிக்கணினியின் சார்ஜரை மறந்துவிட்டு
இரவு பதினொன்றரைக்கு ஆலைக்குத் திரும்பினேன், அவ்வளவுதான்.

குவாட் எங் அங்கே
படுக்கை விரிப்புகளை ஒவ்வொன்றாக
உதறித் தடவிக்கொண்டிருந்தார்.
கண் வேறெங்கோ. உள்ளங்கை போகிறது,
நிற்கிறது, மடிப்புக்குள் நுழைகிறது.
ஒரு பல்செட்.
பக்கத்தில் பிஸ்கட் டின். என்ன இது என்று கேட்டேன்.
காதுக்கருவி, தஸ்பீஹ் மணிகள், தாலிக்குண்டு ஒன்று,
உடைந்த பச்சைக்கல் வளையல்.
ஊசிகள் மட்டும் தனி டப்பாவில்.

"புது மெஷின் இதை எடுக்குமா?" என்றார்,
பாதி மலாயில், மீதி கையால்.
பதினெட்டுப் படங்களில் எதிலும் இல்லை.
கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்றேன்.
"கேள்வி இருக்கா என்றுதானே கேட்டீர்கள்.
இது கேள்வி இல்லையே. டின்."

அதற்குப் பிறகு ஐந்து இரவுகள் போனேன்.
கறிபஃப் இல்லை, கோப்பி மட்டும், என் காசில்.
ஹஸ்லிண்டா சொன்னாள், புதுத் தள்ளுவண்டிப் பாதை
தொழுகை மூலையைக் குறுக்கே வெட்டுகிறது.
வேம்பையன் சொன்னான், திரையில் வரும் எச்சரிக்கையை
வாசித்து முடிப்பதற்குள் விரல் போய்விடும்.
ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை.
பெர்மிட் ஆகஸ்டில் முடிகிறது என்றார், கோப்பியைப் பார்த்து.

டின்னை டெரிக்கின் மேசையில் வைத்தேன்.
பல்செட்டை நெடுநேரம் பார்த்தார்.
"ஒரு விரிப்புக்கு எத்தனை வினாடி?"
ஒன்பது என்றேன். கால்குலேட்டரை எடுத்தார்.
கெட்டவர் இல்லை அவர்.
அவருக்கு மேலே இருப்பவர்களிடமும் ஒரு படம் இருக்கும்,
அதில் அவர் எந்த மூலையோ.

ஜூன், ஆகஸ்ட் ஆனது.
பெல்டுக்கு முன்னால் மூன்று மீட்டர் மேசை வந்தது.
குவாட் எங்கைப் பகலுக்கு மாற்றினார்கள், பயிற்சி தர.
இரவுதான் வசதியா என்று அவரை யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.
பதினோரு பேர் போனார்கள். அதையும் எழுதியாக வேண்டும்.

அடுத்த அறிவிப்பில் அந்தச் சொல்லை மாற்ற உட்கார்ந்தேன்.
தொடர்புடையோர். சம்பந்தப்பட்டவர்கள். அக்கறையுள்ளோர்.
ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தபோது
வேம்பையன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.
"பழசே இருக்கட்டும் அக்கா.
எவனாச்சும் ஒருநாள்
அதை நெசமாவே வாசிச்சிருவான்."