பழுதுப் புத்தகம்

காலை நாலரை. செராஸ் டிப்போவில்
இன்ஜின்கள் இருமிக்கொண்டு எழும் நேரம்.
என் மேசைமேல் முதுகில் கறுப்பு டேப் ஒட்டிய புத்தகம்,
நூலில் கட்டிய பேனா.
வண்டி எண், பழுது, கையெழுத்து, நடவடிக்கை.
நாலாவது கட்டம் என்னுடையது.

அதில் பதினோரு வருடமாக
ஒரே சொல்லை எழுதி வந்தேன்:
கவனிக்கப்படும்.
யார் கவனிப்பார், எப்போது?
மலாயில் எழுதினாலும் தமிழில் சொன்னாலும்
ஆள் இல்லாத வாக்கியம் அது.
செயப்பாட்டு வினைக்குள் நின்றுகொண்டால்
எந்த மழையும் நனைக்காது.

விமலேஸ்வரி மூன்று முறை எழுதினாள்.
'முப்பத்திரண்டு. டிரைவர் சீட் இடப்பக்கம் சாய்கிறது,
இடுப்பு வலிக்கிறது, தயவுசெய்து.'
இரண்டாம் முறை, 'சீட்.'
மூன்றாம் முறை, 'மேற்படி.'
நாலாம் முறை எழுதவில்லை.
வேலைக்கு மட்டும் ஒரு நிமிடம் பிந்தாமல் வந்தாள்.

பிறகு சோங் எழுதவில்லை. பிறகு ரம்லி.
பல்பு மங்கினாலும் பத்தி எழுதும் அந்தோணிசாமிகூட
பேனாவைத் தொடாமல் சாவியை எடுத்துப் போனார்.
பக்கங்கள் வெளுத்துக்கொண்டே வந்தன.
எனக்கோ நிம்மதி.

தலைமையகத்திலிருந்து கேக் வந்தது:
தொண்ணூறு நாள், புகார் பூஜ்ஜியம்.
பண்டான் பச்சை, மேலே கிரீமில் ஒரு பஸ்.
கூடவே போஸ்டர். கைகோத்துச் சிரிக்கும் ஐந்து பேர்,
'அர்ப்பணிப்பே நம் எரிபொருள்.'
ஐவரில் ஒருவரும் பஸ் ஓட்டுகிறவர் இல்லை,
கைகளைப் பார்த்தாலே தெரியும்.
நான்தான் வெட்டினேன். சக்கரம் என் பங்குக்கு வந்தது.
எல்லோரும் கைதட்டினார்கள்,
அளவாக, நேரத்துக்கு,
சிப்ட் அட்டை குத்துவதுபோல.

நவம்பர் மழை. ஜாலான் புடுவில்
முப்பத்திரண்டின் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுபோனது.
நாற்பது பேரையும் அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டு
நனைந்து வந்து நின்றாள்.
'எப்போலேருந்து?'
'ரெண்டு வாரமா.'
'எழுதியிருக்கலாமே.'
அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.
'எங்க?' என்றாள்,
நிஜமாகவே இடம் கேட்பவள்போல.

ஞாயிறு லீவில் முப்பத்திரண்டை நானே எடுத்தேன்.
என் பழைய லைசென்சுக்கு இன்னும் உயிர் இருந்தது.
கோத்தா ராயா, செராஸ், மறுபடி கோத்தா ராயா.
அவள் மலாயில் எழுதியது
மூன்றாம் நடையில், என் இடது இடுப்பில்,
தமிழில் ஏறியது.

ஒதுக்கிப் போட்ட வண்டியிலிருந்து சீட்டைக் கழற்றி
மெக்கானிக் ஹாலிமும் நானும் இரவு பத்துவரை மாட்டினோம்.
ஒரு போல்ட் சேரவில்லை.
ஹாலிம் தன் மோட்டார் சைக்கிள் பெட்டியைக் குடைந்து
ஒன்றை எடுத்துத் தந்தான். விலை சொல்லவில்லை.

மறுநாள் பழைய பக்கங்களுக்குத் திரும்பிப் போய்
நாலாவது கட்டங்களில் எழுதினேன்.
'செய்தேன். ஞாயிறு.'
'புதன்கிழமை முடிப்பேன்.'
அந்தோணிசாமியின் ஏர்கானுக்கு:
'கேட்டேன். பணம் இல்லை என்கிறார்கள்.
அடுத்த மாதமும் இருக்காது.'
ஒவ்வொன்றின் கீழும், சுருக்கொப்பம் இல்லாமல்,
குலசேகரன் என்று முழுதாக.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
ஒரு வாரம் வெள்ளை. இரண்டாம் வாரமும்.
மை காய்ந்துவிட்டதோ என்று
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன். எழுதியது.

இன்று நாலு நாற்பதுக்கு ஒரு வரி:
'முப்பத்திரண்டு. புது சீட் கிறீச்சிடுகிறது. தலைவலி.'
அதன் கீழே ரம்லி, பின்கதவு.
அதன் கீழே சோங், நாலு வரி, கேன்டீன் தேநீர் பற்றி.
அது பழுதுக் கணக்கில் சேராது.
இருக்கட்டும்.

ஒன்பது மணிக்குத் தலைமையகம் கூப்பிடும்.
எண்ணிக்கை ஏறுகிறதே, அங்கே என்ன பிரச்சினை?
பதில் இன்னும் யோசிக்கவில்லை.
கிரீஸ் டப்பாவை எங்கே வைத்தேன் என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.
ஐந்தரைக்கு அவள் வண்டி கிளம்ப வேண்டும்.