அழித்து எழுதட்டுமா

கிளாக்ஸ்விக் துறைமுகம்.
மீன் குளிரறைக்கு மேல்மாடி.
பிப்ரவரி இரவு மூன்று நாற்பது;
விடிய இன்னும் ஐந்து மணி நேரம்.

கீழே லாரியை அணைக்காமல் நிற்கிறான் ஹானுஸ்.
உள்ளே நாற்பது பெட்டி சால்மன்.
லேபிள் வரவில்லை.
லேபிள் இல்லாத மீனைக் கப்பல் ஏற்றாது.

ஈரக் கையுறையைப் பல்லால் கழற்றியபடி
மர்யுன் திரையைத் திறக்கிறாள்.

அவள் எழுதிய நிரல்தான்.
தனக்குத் தெரியாத வேலை வந்தால்
அது தன்னையே இரண்டாகப் பிளந்துகொள்ளும்.
பிளந்த பாதி
நினைவு மொத்தத்தையும் உதறிவிட்டு
வேறொரு கட்டளையாக எழுந்து போகும்.
முகஜாடைகூட மிஞ்சாது.
ஒரு எண் மட்டும் ஒட்டியிருக்கும்,
அடையாளத்துக்கு.

திரும்பி வந்து அது தருவதும் ஒரு எண்தான்.
சைபர் என்றால் நல்லபடி முடிந்தது
(பள்ளிக்கூடத்தில் அழவைத்த அதே சைபர்).
மற்றதெல்லாம்
எத்தனை விதமாய்க் கெட முடியுமோ
அத்தனைக்கும் ஒவ்வொன்று.

இன்று எந்த எண்ணும் இல்லை.
மாலை ஆறு நாற்பதுக்குப் போனது.
அனுப்பியது
அனுப்பிய வரியிலேயே நிற்கிறது.
எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று
அவள் அதற்குச் சொன்னதில்லை.
சொல்லாவிட்டால்
எப்போதும் என்று அர்த்தம்.

நிரலைத் தள்ளிவைத்துவிட்டு
அதே கட்டளையைத் தன் கையால் அடிக்கிறாள்.
உடனே ஒரு வரி:

இந்தப் பெயரில் ஏற்கனவே ஒரு கோப்பு இருக்கிறது.
அழித்து எழுதட்டுமா?

ஓ.

ஒன்பது மணி நேரமாக இதைத்தானா.
திரை இல்லாத இடத்தில்,
விசைப்பலகை இல்லாத இடத்தில்,
மரியாதையாக, ஒரே ஒரு தடவை
கேட்டிருக்கிறது.
கேட்கவில்லை யாருக்கும்.
கேட்காமல் அழிக்கக் கூடாதென்று
எவனோ ஒரு நல்ல மனுஷன்
அதற்குள் எழுதிவைத்திருக்கிறான்.

ஒரே இயந்திரம், ஒரே மின்சாரம்.
ஒன்று பதிலுக்காக,
மற்றது அதற்காக.

ஆம் என்பதற்கு ஓர் எழுத்து.
அடிக்கிறாள். சைபர்.

ஆனால் அங்கே நிற்பதற்கு
இந்த ஆமைக் கொண்டுபோய்க் கொடுக்க
வழியில்லை.
ஒட்டியிருந்த எண்ணைத் தேடி எடுத்து
அதைக் கொல்கிறாள்.
எண் அதற்காவது உதவியது.

லேபிள் இயந்திரம் இருமிக்கொண்டு தொடங்குகிறது.
ஹானுஸ் ஹார்னை ஒருமுறை அடிக்கிறான்,
நன்றியோ, திட்டோ.

நிரலில் பத்து நிமிஷம் என்று ஒரு எல்லை வைக்கிறாள்.
பக்கத்தில்
கேள்வி கேட்காதே என்று சொல்லும்
சின்னஞ்சிறு குறி ஒன்றும்.

சேமித்த பிறகுதான் தோன்றுகிறது,
அந்தப் பழைய கோப்பில்
என்ன இருந்தது?