ஏழாம் வாரத்துக்குள்

கிளாக்ஸ்விக்கில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
படகு எஞ்சினடியில் கிடைத்தது அது,
ஒரு கையுறைக்குள் அடங்கும்.
கண் திறந்து மூன்று நாள் இருக்கலாம். நீலம்.
அந்த நீலம் நிலைக்காது என்றாள்
ரன்வா, கால்நடை மருத்துவர்.

"ஏழு வாரத்துக்குள் யாரைப் பார்த்துப் பழகுகிறதோ
அவர்கள்தான் அதற்கு உலகம்.
பிறகு வருகிறவர்களெல்லாம் புயல்.
ஆள் கூப்பிடு, ட்ரோண்டுர்."

ட்ரோண்டுர் வீட்டுக்கு
மீட்டர் பார்ப்பவர் வந்ததே போன வருஷம்.

ராத்திரியெல்லாம் பால் புட்டி.
குடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைக்க வேண்டும்,
தாயின் நாக்குக்குப் பதிலாக.

நாலாம் வாரம், கடி.
கூடப் பிறந்தது இருந்தால்
வீலென்று கத்தி விலகியிருக்கும், ஆட்டம் நின்றிருக்கும்.
இங்கே அவன் விரல்தான் அண்ணன், தங்கை, எல்லாம்.
ஊசிப்பல் இறங்கியபோது உதறவில்லை, அதட்டவில்லை;
கையை மரக்கட்டை ஆக்கினான்.
அப்புறம் தூண்டில் நரம்பில் ஒரு கம்பளி உருண்டை:
இந்தா, இதைக் கொல்லு.

தபால்காரி வந்தாள், சொட்டும் மழைக்கோட்டோடு.
பக்கத்து வீட்டுப் பையன் அக்கார்டியனோடு.
தாடி வைத்த ஒருவர் தேவைப்பட்டது.
பத்து வருஷமாகப் பேசாத தம்பியை அழைத்தான்.
"பூனைக்குத்தான்," என்றான் தொலைபேசியில்.

தம்பி தரையில் உட்கார்ந்தான்.
குட்டி வால் புடைத்து, நண்டுபோல் நகர்ந்து,
ஒரே குதி,
சோபாவுக்கு அடியில்.

"கையை விடாதே. அதுவாக வரட்டும்."

காபி ஆறியது.
மீன் விலையில் ஆரம்பித்தான் தம்பி.