கூட்டல் இரண்டு

சுவாவ்கி நகரப் பள்ளியின் விளையாட்டரங்கில்
கூடைப்பந்துக் கோடுகளின் மேல்
மேசைகள் போட்டிருந்தார்கள்.
வெளியே பிப்ரவரி. ஏரி கல்லாகிக் கிடந்தது.
உள்ளே எல்லோருடைய காலணியிலிருந்தும் பனி உருகி
வாசல் முழுக்க நசநசப்பு.

தேர்வுக்கூடம் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
எண்பது சொச்சம் பேர் கையிலும் கியூப்,
ஒன்றுகூடச் சும்மா இல்லை.
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழத் தொடங்கி
நிற்க மறந்துபோன சத்தம்.

அப்பாவும் பெயர் கொடுத்திருந்தார்.
"நீ ஏன் தனியாகத் தோற்கணும்" என்றார் காரில்,
வெள்ளரி ஊறுகாய் வைத்த ரொட்டியை மென்றபடி.
பேக்கரியில் மாவு பிசைகிற விரல்கள் அவருக்கு.
கியூப் அவர் கையில்
பிடிபட்ட எலி மாதிரி முழிக்கும்.

"போக்னா" என்று கூப்பிட்டார்கள்.
அது நான்தானா என்று ஒருமுறை யோசித்துவிட்டுப் போனேன்.

நடுவருக்குப் பதினான்கு வயது இருக்கலாம்.
பல்லில் கம்பி. சட்டையில் யாக்னா என்ற பெயர்.
மூடியைத் தூக்கினாள்.
வீட்டில் நானே கலைத்துக்கொள்ளும் கலைப்பு அல்ல அது.
என்னைத் தெரியாத யாரோ
ஒரு தாளைப் பார்த்து
நிதானமாகக் கலைத்தது.

பதினைந்து விநாடி பார்க்கலாம்.
வெள்ளையைத் தேடினேன்.
வெள்ளை எல்லாப் பக்கமும் இருந்தது.
"எட்டு" என்றாள் யாக்னா.
கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே,
எனக்குக் கால் ஓடியது,
மேசைக்கு அடியில், தன் பாட்டுக்கு.
"பன்னிரண்டு."
உள்ளங்கைகளைக் கடிகாரத்தின் மேல் வைத்தேன்.
சிவப்பு. பிறகு பச்சை.

அதற்கப்புறம் ஞாபகம் இருப்பது
நீல ஓரத்துண்டு ஒன்று மட்டும்.
அடுத்த வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு
வா என்றால் வரவில்லை.
பாதிச் சூத்திரம் மறந்தது.
விரல்களிடமே விட்டுவிட்டேன்.
அவற்றுக்குத் தெரிந்திருந்தது.
கியூபைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தை அறைந்தேன்:
ஒரு நிமிடம் எட்டு விநாடி.

யாக்னா குனிந்து பார்த்தாள்.
கியூபைத் தொடவில்லை.
மேல் அடுக்கில் ஒரே ஒரு திருப்பு மிச்சம்.
"கூட்டல் இரண்டு" என்று சீட்டில் எழுதி
கையெழுத்துப் போடச் சொன்னாள்.
அதுவரை எனக்கென்று கையெழுத்து கிடையாது.
அங்கேயே ஒன்று கண்டுபிடித்தேன்,
கடைசி எழுத்துக்கு வால் வைத்து.

ஐந்தாவது முறை ஐம்பத்தொன்பது விநாடி வந்தது.
அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.
நன்றாகத்தான் இருந்தது.

மதியத்துக்கு மேல் நடுவர்கள் போதவில்லை.
ஒரு நிறுத்துக் கடிகாரத்தை என் கையில் திணித்து
உட்காரவைத்தார்கள்.
எதிரே வந்தவன் ஓல்கியெர்த்.
காலையில் எல்லோரும் செல்போனில் படம் பிடித்த பையன்.
"எட்டு" என்றேன். குரல் கீச்சிட்டது.
ஏழு விநாடியில் முடித்தான், கைதட்டல்,
ஆனால் நான் பார்த்தது அதற்கு முன்னால்:
பச்சைக்குக் காத்திருந்த அவன் விரல்கள்
என்னுடையவற்றைவிட அதிகமாக நடுங்கின.
யாரிடமும் சொல்லவில்லை.
நடுவர்கள் சொல்லக்கூடாது என்று
எனக்குத் தோன்றியது.

அப்பாவுக்கு இரண்டு வாய்ப்புதான் தந்தார்கள்.
முதலாவதில் மூன்று நிமிடம் நாற்பது.
இரண்டாவதில் ஒரு மூலைத்துண்டு தெறித்து
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே போய் நின்றது.
கடிகாரம் ஓட ஓட
முட்டிபோட்டுத் தவழ்ந்து போய் எடுத்துவந்து
பொருத்தி முடித்தார்.
அன்றைக்கு அதிகக் கைதட்டல் அதற்குத்தான்.

சுவரில் பட்டியல் ஒட்டினார்கள்.
எண்பத்து மூன்றாவது நான்.
எண்பத்து நான்காவது, கடைசி, அவர்.
இரண்டு பெயரும் தெரியும்படி படம் எடுத்து
அம்மாவுக்கு அனுப்பினார்.
அம்மா திருப்பி அனுப்பியது:
"ரொட்டி வாங்கி வாங்க."
பேக்கரிக்காரர் வீட்டில் எப்போதும் ரொட்டி இருக்காது.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
உப்புத் தூவும் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து
சந்திப்பில் நின்றோம்.
சிவப்பு.
மடியில் வைத்திருந்த என் கியூபை அப்பா எடுத்தார்.
பிறகு பச்சை.
கார் நகரவில்லை.
பின்னால் ஹாரன், அதற்கும் பின்னால் இன்னொன்று.
"இரு, இரு" என்றார்,
"ஒரு திருப்புதான் மிச்சம்."