முப்பத்தொன்றாம் எண் வீட்டுக் குரைப்பு

கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும்,
மூன்று நுழைந்தால் உருவிக்கொண்டு ஓடிவிடும்.
நெவியா சொல்லித் தந்தது இவ்வளவுதான்.
அப்புறம் கேட்டாள்: நாய்ப் பழக்கம் உண்டா?
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினேன்.
இடதில் மூன்று தழும்பு, வலதில் ஒன்று.
இருபத்தாறு வருடம் ட்ரியெஸ்தே நகரில் தபால் கொடுத்தவள்,
வேறென்ன பழக்கம் வேண்டும்?
அவள் சிரிக்கவில்லை.
ஆணியிலிருந்து ஒரு வாரை எடுத்துத் தந்து
பதினான்காம் கூண்டு என்றாள்.

ஓய்வு பெற்ற பிறகும்
ஐந்தரைக்கே விழித்துக்கொள்ளும் கால்களை
எங்கேயாவது கூட்டிப் போக வேண்டியிருந்தது.
அதனால்தான் வந்தேன்.
அன்பு கின்பு என்று
படிவத்தில் நான் எதுவும் எழுதவில்லை.

பதினான்கில் இருந்தது ஸ்குரோ.
கறுப்பு. முகவாய் மட்டும் அடுப்புச் சாம்பலில் தோய்த்த மாதிரி.
வயது பத்து இருக்கலாம் என்றது அட்டை.
நான்கு சனிக்கிழமை வாய் திறக்கவில்லை.
வாசலுக்கு வெளியே பன்னிரண்டு எட்டு,
பிறகு உட்கார்ந்துவிடும்,
நிறுத்தப்பட்ட பேருந்துக்குக் காத்திருப்பதுபோல்.
நானும் நிற்பேன்.
கடலைப் பார்ப்போம் இருவரும்.
அது கடலைத்தான் பார்த்ததா என்று சத்தியம் செய்யமாட்டேன்.

ஐந்தாம் வாரம் போரா வீசியது.
மேட்டிலிருந்து கடலுக்கு ஓடும் எங்கள் ஊர்க் காற்று,
குப்பைத் தொட்டியை உருட்டும்,
ஸ்கூட்டர்களை வரிசையாகச் சாய்க்கும்,
பாதிரியாரின் அங்கியைத் தலைக்கு மேல் தூக்கிவிடும்.
இன்றைக்கு நடை வேண்டாம் என்றார்கள்.
ஸ்குரோ அன்றைக்குத்தான் எழுந்தது.
காற்று முதுகில் கைவைத்துத் தள்ள
பன்னிரண்டு எட்டைத் தாண்டியது,
பைன் மரங்களைத் தாண்டியது,
வாரின் இந்த முனையில் நான்
கொடியில் காயும் சட்டை.

ஊருக்குள் இறங்கியதும் பாதை எனக்குத் தெரிந்தது.
பாதத்துக்குத் தெரிந்தது என்பதே சரி:
இங்கே பல்மருத்துவர், அடுத்தது பூட்டிய தையற்கடை,
இருபத்தொன்பதில் ஓய்வூதியக் கடிதம் மட்டும்,
அப்புறம்
பச்சைக் கதவு. முப்பத்தொன்று.
நாய் நின்றது.
கதவிலிருந்த கடிதத் துளையைப் பார்த்துக்
குரைத்தது.

அந்தக் குரலை எந்தக் கூட்டத்திலும் பிரித்தெடுப்பேன்.
இரண்டு அதட்டல், ஒரு இருமல், மறுபடி இரண்டு.
ஒன்பது வருடம்
துளைக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான்.
மின்கட்டணம், தேர்தல் துண்டறிக்கை,
ஒருமுறை ஆஸ்திரேலியாவிலிருந்து கருப்பு விளிம்பிட்ட உறை,
எல்லாவற்றையும் பல்லால் வாங்கி
உள்ளே கிழிக்கும் சத்தம் கேட்கும்.
முகம் பார்த்ததில்லை.
என் நடுவிரல் நகம் கோணலாய் வளர்வது
அதன் கைங்கரியம்.
தெருமுனையில் நின்று எத்தனை முறை சபித்திருக்கிறேன்,
நீ நாதியற்றுப் போக என்று.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன.
துளையை உள்ளிருந்து பலகை வைத்து அடைத்திருந்தார்கள்.
உரிமையாளர் திருமதி ஓந்தினா பெர்த்தோத்
கடற்கரைப் பக்க முதியோர் இல்லத்தில், இரண்டாம் மாடியில்,
நெவியா பிறகு பதிவேட்டைப் புரட்டிச் சொன்னாள்.
அங்கே நாய்களுக்கு அனுமதியில்லை.
என் குடியிருப்பிலும் இல்லை. கேட்டுவிட்டேன், இரண்டு தரம்.

திரும்பும்போது காற்று எதிரே.
தலையைக் குனிந்து
ஒருவர் மறைவில் ஒருவர் ஒதுங்கி ஏறினோம்.

இப்போது சனிக்கிழமை காலையில்
ஓர் அஞ்சலட்டை வாங்குகிறேன்,
மாலையில் எழுதுகிறேன்.
அன்புள்ள திருமதி பெர்த்தோத்,
இன்று முந்நூறு எட்டு. மலம் கெட்டியாக இருந்தது.
முள்ளெலி ஒன்றைக் கண்டு
எனக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது.
தபால்தலைக்கு முழு விலை கொடுத்து
என் பழைய பெட்டியிலேயே போடுகிறேன்.
பதில் இதுவரை இல்லை.
தாமதம் என்று யாரிடம் போய்க் குறை சொல்ல?

போன வாரம் வெற்று அட்டை சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது.
ஸ்குரோ மோப்பம் பிடித்தது.
நகக்கண் தெறிக்கும் என்று கையை இழுத்துக்கொண்டேன்.
மெதுவாக, ஒரு மூலை மடங்காமல்,
வாயில் வாங்கி
மேடு முடியும்வரை சுமந்து வந்தது.

எச்சில் காயவிட்டு
அதிலேயே எழுதி அனுப்பினேன்.
முகவரியில் மை கொஞ்சம் பரவிவிட்டது.
போய்ச் சேரும்.
அந்தத் தெருவுக்குப் புதிதாய் வந்திருக்கும் பையனிடம்
சொல்லி வைத்திருக்கிறேன்.