எட்டு மாதமும் பதினொரு நாளும்

பழைய பாதர் மாற்றலாகிப் போன அன்று
அறைவீட்டுக் கதவுக்குள் பல்லி ஒன்று நசுங்கியது.
நாங்கள் சவேரியாரின் ஆட்கள், சகுனம் பார்ப்பதில்லை.
ஆனால் எல்லாரும் பார்த்தோம்.

பிறகு
இரண்டாம் நான்காம் ஞாயிறுகளில்
அயல் பங்குச் சுவாமி மோட்டார்சைக்கிளில் வந்து
நெற்றியில் ஹெல்மெற் அழுத்திய கோடு மறையமுன்
பூசை முடித்துப் போவார்.
மற்ற ஞாயிறுகள் என்னுடையவை.

கணக்கு ரீச்சர் நான்.
முதல் கிழமை வாசக மேடையில் நின்று
"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்பதைத்
தொண்டைக்குள் வைத்துக்கொண்டு திண்டாடினேன்.
குருவானவர் இல்லாத வழிபாட்டில் அது கிடையாதாம்.
அந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டேன்.
சனம் பழக்கதோசத்தில்
மூச்சுக்கு மறுமொழி சொன்னது.

சோழகம் அடித்த கிழமை மடுத்தீன் செத்தார்.
கடலில் இல்லை.
மடியில் கிழிந்த வலையோடு, பிளாஸ்ரிக் கதிரையில்.
அயல் சுவாமி மடுத் திருவிழாவில்; போன் எடுபடவில்லை.
உடலை வைத்திருக்க ஏலாத வெயில்.
சேமக்காலையில் நான் செபம் வாசித்தேன்,
தீர்த்தம் தெளித்தேன், ஒரு பக்கத்தைத் தவறவிட்டுத்
திரும்ப வந்து வாசித்தேன்.
குழிக்கரையில் பெலிசிற்றா அக்கா என்னைப் பார்த்தா,
நிறை குறைந்த மீனைப் பார்க்கிற மாதிரி.

ஐப்பசி பிறக்கமுன் ஆயரின் கடிதம் வந்தது.
உடனே சண்டையும் வந்தது.
நாவாந்துறை பாண்டா, குருநகர் பாண்டா?
நிலபாவாடைக்கு எந்த வட்டாரத்துச் சேலை?
வாழை கட்டவேணுமா? குலையோடயா, குலை இல்லாமலா?
பெலிசிற்றா அக்கா வீட்டில் காசு தரவில்லை.
"ரெண்டு மாதம் முந்தி வந்திருக்கலாம் எண்டு
அவரிட்டச் சொல்லுங்கோ."

சனிக்கிழமை பின்னேரம் வானில் வந்து இறங்கினார்
றொக்சன் பாதர். மன்னார்ப் பக்கம். முப்பத்திரண்டு வயது.
கக்கத்தில் ஒரு றைஸ் குக்கர்.
பாவாடையில் சப்பாத்தோடு நடப்பதா என்று தயங்கி
ஒன்றைக் கழற்றினார். மற்றதைக் கழற்றமுன்
பாண்ட் தொடங்கிவிட்டது.
கோயில் வரை அப்படியே நடந்தார்,
கழுத்தில் ஒன்பது மாலையும் ஒற்றைச் சப்பாத்துமாய்.

பேச்சுகள் ஐந்து. றோல்ஸ் முடிந்துபோனது.
எட்டரைக்குப் பிறகு அறைவீட்டில் புத்தகங்களை ஒப்படைத்தேன்:
ஞானஸ்நானம், விவாகம், வரவு செலவு.
எல்லாம் சரி. ஐம்பத்தேழு ரூபா கூட இருந்தது,
எங்கிருந்து வந்ததென்று இன்றைக்கும் தெரியாது.

அடக்கப் புத்தகத்தில் அவரின் விரல் நின்றது.
மடுத்தீன், எழுபத்தொன்று, மாரடைப்பு.
சடங்கு நிறைவேற்றியவர் என்ற கட்டம் வெறுமை.
"ஆர் செபிச்சது?"
"நான்தான், பாதர்."
"அப்ப எழுதுங்கோ."
பேனையைத் தந்தார்.
தினமும் நூறு கொப்பியில் கையெழுத்து வைக்கிற கை
என் பெயரை ஒரு எழுத்து விட்டு எழுதியது.
வெட்டித் திருத்தினேன்.
அதுதான் அங்கே இருக்கிறது, வெட்டோடு.

விடியப்புறம் சங்கிலித்தாமிடம் சைக்கிள் கேட்டாராம்.
எந்த ஒழுங்கை என்றும் கேட்டாராம்.
படலையில் என்ன கதைத்தார்களோ.
பெலிசிற்றா அக்கா பூசைக்கு வரவில்லை.
மகள் வந்தாள், கடைசி வாங்கில்,
செருப்பைக் கழற்றாமல், எழும்பிப் போகிற மாதிரி
கடைசிவரை இருந்தாள்.

பாதர் கைகளை விரித்து
"ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார்.
கோயில் முழுக்க மறுமொழி சொன்னது.
நான் ஒரு மூச்சு விட்டேன்.

பிரசங்கத்தில் அவருக்கு வேர்த்து வழிந்தது.
தலைக்கு மேலே விசிறி சும்மா நின்றது.
சுவிச்சைப் போட்டுவிட்டுச்
சுவரில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டவேணும்.
அது எனக்கு மட்டும்தான் தெரியும்.
அடுத்த கிழமை சொல்லுவன்.